பழைய புல்லட்டில் புதுச் சத்தம்: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா, இன்ஜினை இறக்குவதா?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. நேற்றுவரை இல்லாத ஒரு சத்தம் இன்ஜினில் கேட்கிறது. ஒருவர் டாப்பட் (வால்வுகளை இயக்கும் பாகம்) என்கிறார். இன்னொருவர் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் தண்டு) போய்விட்டது என்கிறார். மூன்றாமவர், "பேசாம இன்ஜினை இறக்கிடுங்க சார், நிம்மதியா இருக்கும்" என்கிறார். மூன்று பேருமே அனுபவசாலிகள். யார் பேச்சைக் கேட்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. அதே சமயம், அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டால் அந்த வண்டியை மெக்கானிக் கடை வரைக்கும்கூட ஓட்டிப் போகக் கூடாது. மற்ற சத்தங்களுக்கெல்லாம் பொறுமையாக யோசிக்க நேரம் உண்டு.

இங்கே நான் பேசுவது வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய புல்லட் 350 பற்றி. 1955-இல் சென்னையில் உருவாகத் தொடங்கி, சிறு சிறு மாற்றங்களோடு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய இன்ஜின் அது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. பின்னால் வந்த யு.சி.இ. (கியர் பாக்ஸும் சேர்ந்த ஒரே கூட்டு) இன்ஜினில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பட் இருப்பதால் கீழே சொல்லும் டாப்பட் வேலை அதற்குப் பொருந்தாது. எஸ்டி (Yezdi), யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, இந்த வழியில் போனால் சத்தத்தின் இடம் உறுதியாகத் தெரியுமா என்பது. இரண்டாவது, செலவு. மெக்கானிக் சொல்லும் தொகையோடு அது நிற்பதில்லை. பேக்கிங், ஆயில், லேத் கூலி, ஏற்றி இறக்கும் வாடகை, மறுபடி ரன்னிங்-இன் ஓட்ட வேண்டிய நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, வண்டி எத்தனை நாள் பிரித்தபடி கிடக்கும்.

நான்காவதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. வண்டியின் அசல் பாகங்கள் என்ன ஆகும்? அப்பா காலத்து வண்டிக்கு மதிப்பே அவற்றில்தான். 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், இன்ஜினிலோ சேசிஸிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. கிராங்க் கேஸையே (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) மாற்றிவிட்டால் இன்ஜின் நம்பரும் மாறிவிடும். அப்புறம் ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகப் படி ஏற வேண்டியதுதான்.

கடைசியாக, முடிவெடுக்கும்வரை வண்டியை ஓட்டலாமா கூடாதா என்பது.

## வழி 1: வீட்டிலேயே நாம் பார்ப்பது

எந்த வழியில் போனாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். நாமே சரிசெய்துவிட முடியும் என்பதற்காக இல்லை. சத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை தெளிவாகச் சொல்ல முடிந்தால், பிறகு யாரிடம் போனாலும் ஏமாற மாட்டோம்.

வண்டியைத் திறந்த வெளியில் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. முதலில் இன்ஜினைத் தொடாமல் வெளியே பாருங்கள். டேங்க் அடியில் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டே, இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகள், செயின் கவர், டூல் பாக்ஸ், மட்கார்டு எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள். புல்லட்டின் அதிர்வில் இவற்றில் ஏதாவது ஒன்று தளர்ந்தே இருக்கும். அடுத்தது சைலன்சர் பெண்ட் ஹெட்டில் சேரும் இடம். அங்கே கசிவு இருந்தால் அச்சு அசல் டாப்பட் சத்தம் மாதிரியே 'டப் டப்' என்று வரும். சுற்றிக் கரி படிந்திருந்தால் அதுதான் அடையாளம். ஸ்பார்க் பிளக் தளர்ந்திருந்தாலும் இப்படி ஒரு சத்தம் வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேளுங்கள். மெக்கானிக்குகளுக்கான ஸ்டெதாஸ்கோப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இன்னும் வசதி. மேலே இரண்டு ராக்கர் கவர், வலது பக்கம் டாப்பட் கவர், அதற்குக் கீழே டைமிங் கவர், இடது பக்கம் பிரைமரி கவர் (இன்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயினின் மூடி), அடியில் கிராங்க் கேஸ் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். சத்தம் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரும்பு வழியாகச் சத்தம் எங்கும் பரவும், அதனால் ஒருமுறை கேட்டதை நம்ப வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை, நன்றாகச் சூடேறிய பின் ஒருமுறை கேளுங்கள்.

லேசான 'டிக் டிக்' மேலே கேட்டு, சைலன்சரின் ஒவ்வொரு 'டுப்'புக்கும் ஒன்று என்ற கணக்கில் வந்தால் டாப்பட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால்தான் இந்தக் கணக்கு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கடக் கடக்' என்று வெற்றாகக் கேட்டு, சூடேறியதும் குறைந்தால் பிஸ்டன் போரில் ஆடுகிறது. வலது பக்கம் கீழே தொடர்ச்சியான இரைச்சல் டைமிங் கியர்; அது பழைய புல்லட்டில் ஓரளவு இருக்கத்தான் செய்யும். இடது பக்கம் ஐடிலிங்கில் 'சளசள' என்று சீரில்லாமல் அடித்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அடங்கினால் பிரைமரி செயின் தொய்ந்திருக்கிறது. நியூட்ரலில் கிளட்ச்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச்சையோ கியர் பாக்ஸையோ பாருங்கள், இன்ஜினை விட்டுவிடுங்கள்.

டாப்பட்டை நாமே பார்த்துவிடலாம். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, டாப் கியரில் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினால் ஒரு கட்டத்தில் காற்று விரலைத் தள்ளும். அதிலிருந்து பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை சுற்றி நிறுத்துங்கள். டாப்பட் கவரைத் திறந்தால், வால்வை இயக்க மேலே போகும் இரண்டு தண்டுகளின், அதாவது புஷ் ராடுகளின், அடிப்பகுதி தெரியும். விரலால் உருட்டினால் அவை தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதுதான் சரியான செட்டிங். சத்தம் துளியும் வரக் கூடாது என்று புஷ் ராடு சுழலாத அளவுக்கு இறுக்கிவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும். டாப்பட் கொஞ்சம் பேசட்டும்.

இதே கையோடு ஆயிலையும் பாருங்கள். இறக்கும்போது பழைய வேட்டித் துணியில் வடிகட்டி வெயிலில் பிடியுங்கள். டைமிங் கவருக்குள் இருக்கும் ஃபில்டரையும் வெளியே எடுத்து விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள், தங்க நிறத்தில் மின்னும் துகள், வெள்ளை அலுமினியத் துகள் என்று எது இருந்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள், மெக்கானிக்குக் காட்ட வேண்டும். புதிதாக 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். இப்போதைய சிறிய வண்டிகளுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றிவிட்டு, சத்தம் கூடிவிட்டது என்று இன்ஜினைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். வேலூர் வெயிலில் அந்த ஆயில் இன்னும் இளகிவிடும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நம் அவசரம்தான். சரியான அளவு ஸ்பேனர் இல்லாமல் டாப்பட் நட்டின் முனையை மழுக்கிவிட்டால், இல்லாத செலவு ஒன்று வந்து சேரும்.

## வழி 2: ஊரில் உள்ள புல்லட் மெக்கானிக்

பல வருஷம் பழைய புல்லட்டையே பார்த்த மெக்கானிக்கின் காதுக்கு ஈடு எந்தக் கருவியும் இல்லை. செலவும் நியாயமாக இருக்கும், வண்டியும் கண்பார்வையில் இருக்கும். டாப்பட், செயின், கிளட்ச், பிளாட்டினம் (பிளக்கில் பொறி வரவைக்கும் காண்டாக்ட் பாயிண்ட்), டைமிங் (பொறி விழும் நேரம்) வேலைகளுக்கு வேறு எங்கும் போக வேண்டியதே இல்லை.

ஆனால் அவரிடம் எப்படிப் போகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வேலூர் வரைக்கும் ஓட்டிவந்து கடை வாசலில் நிறுத்தினால், அவர் கேட்பது சூடேறிய இன்ஜினின் சத்தத்தை. காலையில் மட்டும் கேட்கும் பிஸ்டன் சத்தம் அப்போது ஓடி ஒளிந்திருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு, "காலையில முதல் கிக் நீங்களே அடிச்சுக் கேளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். "கனெக்டிங் ராடு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்று நாமே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். எப்போது வருகிறது, எந்த கியரில், மேட்டிலா இறக்கத்திலா, ஆயில் எப்போது மாற்றியது என்று மட்டும் சொன்னால் போதும்.

அவர் இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரைமரி கவரைத் திறந்து மேக்னெட்டைப் பார்த்தீங்களா?" இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கிராங்கின் இடது முனையில் சாவி (நழுவாமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு) வைத்து நட்டால் இறுக்கிய ஆல்டர்னேட்டர் ரோட்டரைத்தான் இங்கே மேக்னெட் என்கிறோம். அந்த நட் தளர்ந்து சாவி தேய்ந்தால், கனெக்டிங் ராடு போன மாதிரியே 'டொக் டொக்' என்று அடிக்கும். சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவரின் வண்டிக்கு இரண்டு இடத்தில் ஃபுல் இன்ஜின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் இடது ஃபுட்ரெஸ்டைக் கழற்றி, பிரைமரி கவரை எடுத்து, மேக்னெட்டை இரண்டு கையால் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. காயிலில் உரசிய கோடும் பளிச்சென்று தெரிந்தது. சாவியும் நட்டும் மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்தக் கவரைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட். அதைத் திறந்து பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விட எனக்கு மனம் வராது.

இங்கே மறைமுகச் செலவு பாகங்கள். அசல் பாகம் எடுபட்டு, கடையில் கிடைத்த லோக்கல் பாகம் ஏறிவிடும். கழற்றும் ஒவ்வொன்றையும் திருப்பித் தரச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

## வழி 3: கம்பெனி சர்வீஸ் சென்டர்

பழைய இன்ஜின் சத்தத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே இருக்கும் இளைஞர்கள் பயிற்சி பெற்றதெல்லாம் யு.சி.இ. இன்ஜினிலும், 2020-க்குப் பிறகு வந்த ஜே சீரிஸ் இன்ஜினிலும்தான். பிளாட்டினம் பாயிண்ட்டைக் கையால் தொட்டிருப்பவர் அங்கே அபூர்வம். விதிவிலக்காக, பழைய ஆள் ஒருவர் அங்கே வேலையில் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆயில், பேக்கிங், கேபிள் போன்றவற்றை நம்பி வாங்கவும் அது நல்ல இடம்.

## வழி 4: சென்னைக்கு ஏற்றிப் போவது

வேலூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 140 கி.மீ. புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்கள் கிடைக்கும். பழைய வண்டிகளை மட்டுமே மீட்டெடுக்கும் கைகாரர்களும் சென்னையில் இருக்கிறார்கள். அசல் பாகத்தைத் தேட வேண்டிய நிலை வந்தால் இந்த வழி நியாயம்.

இதன் செலவு தூரத்தில் இருக்கிறது. தட்டல் உள்ள வண்டியை ஹைவேயில் ஓட்டிப் போக முடியாது. குட்டி யானை பிடிக்க வேண்டும், அல்லது காட்பாடியில் பார்சல் போட வேண்டும். பார்சலுக்கு டேங்க் பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள். வேலை முடிந்து வந்த பிறகு சின்னதாக ஒரு கசிவு, சின்னதாக ஒரு சத்தம் என்றால் யாரைக் கூப்பிடுவது? ஊர் மெக்கானிக்கிடம் போனால், "அங்க பண்ணதை நான் தொட மாட்டேன்" என்பார்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். வண்டியை இங்கேயே நம்பிக்கையான மெக்கானிக்கிடம் பிரிக்கச் சொல்லி, கிராங்கை மட்டும் அல்லது சிலிண்டரை மட்டும் வேலை தெரிந்த இடத்துக்கு அனுப்புவது. ராணிப்பேட்டை பக்கமே லேத்துகளுக்குக் குறைவில்லை. கிராங்க் வேலை கொடுக்கும் முன், ஃப்ளைவீல் கோணாமல் நேராகச் சுழல்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். கண்ணளவில் பார்த்துக்கொள்வோம் என்றால் அங்கே கொடுக்காதீர்கள்.

## வழி 5: இன்ஜினை இறக்கிப் பிரித்துவிடுவது

இதில் உண்மை தெரிந்துவிடும், சந்தேகத்துக்கு இடமில்லை. ஆயிலில் உலோகத் துகள் வந்தாலோ, மேக்னெட் சரியாக இருந்தும் அடியில் கனத்த தட்டல் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கூடினாலோ, ஃபுட்ரெஸ்டில் கால் உணரும் அளவுக்கு உறுமல் இருந்தாலோ இதைத் தவிர வேறு வழி கிடையாது. அப்போது தள்ளிப்போடுவதுதான் பெரிய செலவு. கனெக்டிங் ராடு உடைந்தால் கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அசல் இன்ஜின் நம்பரும் அதோடு போகும்.

மற்ற சத்தங்களுக்காக இதைச் செய்வது அநியாயம். ஒருமுறை திறந்தால், "திறந்ததுதான் திறந்தோம், போரும் போட்டுடலாம்" என்ற பேச்சு வரும். சிலிண்டரை 20, 40, 60 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) என்று படிப்படியாகத்தான் பெரிதாக்க முடியும். தேவையில்லாமல் ஒரு படி ஏறினால், சிலிண்டரின் ஆயுளில் ஒரு படி குறைந்தது. அதற்குப் பிறகு ஸ்லீவ் (உள்ளே புதுக் குழாய் இறக்குவது) தான். புதுப் பிஸ்டன் என்றால் மறுபடியும் பல நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

அதனால் பாதி வழியைக் கேளுங்கள். டேங்க்கை எடுத்துவிட்டால், இன்ஜின் சேசிஸில் இருந்தபடியே ஹெட்டையும் சிலிண்டரையும் தூக்கிவிடலாம். பிஸ்டன், ரிங், பின் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கிராங்கை உச்சியில் நிறுத்தி, கனெக்டிங் ராடைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் கையில் பட்டால் அடி வேலை உறுதி. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

## எந்தச் சத்தத்துக்கு எந்த வழி

| சத்தம் | முதலில் போக வேண்டிய வழி | அதுவரை ஓட்டலாமா |
|---|---|---|
| மேலே லேசான டிக் டிக் | வீட்டில்: சைலன்சர் கசிவு, பிறகு டாப்பட் | ஓட்டலாம் |
| காலையில் மட்டும் கடக் கடக் | ஊர் மெக்கானிக், ஹெட் தூக்கிப் பார்ப்பது | அளவாக ஓட்டலாம் |
| இடது பக்கம் சளசள | ஊர் மெக்கானிக், பிரைமரி கவர் | சீக்கிரம் பார்க்கவும் |
| மேடு ஏறும்போது கலகல | டைமிங், பிளாட்டினம், பெட்ரோல் | பாரம் கொடுக்காமல் ஓட்டலாம் |
| அடியில் டொக் டொக் | மேக்னெட்; அது சரியென்றால் இன்ஜின் | கூடாது |
| உறுமல், ஆயிலில் துகள் | இன்ஜின். கிராங்க் வேலை தெரிந்த இடம் | கூடாது |

நான்காவது வரியைப் பற்றிக் கொஞ்சம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏப்ரல், மே வெயிலில் இரண்டு பேர் ஏறினால், தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கினது போல ஒரு சத்தம் வரும். ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் நின்றுவிடும். எந்தப் பாகமும் அங்கே ஆடவில்லை. பெட்ரோல் கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. டைமிங் முன்னேறியிருக்கலாம், வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை மாற்றும் ஆட்டோ அட்வான்ஸ் சிக்கியிருக்கலாம், ஹெட்டில் கரி சேர்ந்திருக்கலாம். பிளாட்டினம் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கேப் கூடினால் டைமிங்கும் முன்னேறும் என்பதால் கேப்பை வைத்த பிறகு டைமிங்கையும் பார்த்தாக வேண்டும். இந்தச் சத்தத்துக்காக இன்ஜினை இறக்கிய வண்டிகள் உண்டு என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

## எஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு

டூ ஸ்ட்ரோக்கில் டாப்பட்டே கிடையாது. மேலே டிக் டிக் கேட்டால் சைலன்சர் சேரும் இடம், பிஸ்டன் பின் பேரிங், ரிங் என்று பார்க்க வேண்டும். ஹெட்டும் சிலிண்டரும் சுலபமாகக் கழறும் என்பதால் இந்த வண்டிகளில் பாதி வழி இன்னும் மலிவு. ஆனால் கிராங்க் பேரிங் உறுமினால் புல்லட்டைவிட அவசரம். அங்கே எண்ணெய் போவது பெட்ரோலோடு சேர்ந்துதான். எஸ்டியில் கலந்த ஆயில் அளவையும், ஆர்எக்ஸ் 100-இல் ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கிக்.

புல்லட்டிலும் ஸ்டார்ட் செய்யும் முன் இதே கவனம் வேண்டும். முக்கியமாக, பல மாதம் நின்றிருந்த வண்டி என்றால் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். சிறிது நேரத்தில் அங்கே ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். சத்தத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆயில் பம்ப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள்.